பழ ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை வைத்துப் பழத்தை எடைபோடலாமா?

வாணி:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் 3-ல் ஆரம்பித்தால் கதிர்வீச்சு செலுத்தியது, 4 என்றால் பூச்சிமருந்து அடித்தது, 8 மரபணு மாற்றியது, 9 இயற்கை விளைச்சல் என்று. இரண்டு வருடமாக இதை நம்பித்தான் என் பையனுக்குப் பழம் வாங்குகிறேன். முழுக்கத் தப்பு என்று தராசு போன வாரம் எழுதியிருந்தார். எது தப்பு என்று விளக்கமாகச் சொன்னால் நல்லது.

தராசு:
நான் ஒரு பெரிய கடையில் ஆறு வருடம் பில் போட்டவன். அந்த எண் வாங்குபவருக்காக வந்ததே இல்லை, பில் போடுபவருக்காக வந்தது. பி.எல்.யு எண், அதாவது விலையைத் தேடும் எண் என்பார்கள், 1990-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரக ஆப்பிளுக்கு விலை வேறு வேறாக இருக்கும், அதைக் கண்ணால் பிரிக்க முடியாது, எண்ணைத் தட்டினால் சரியான விலை வந்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. மஞ்சள் வாழைப்பழம் 4011, இன்றைக்கும் மனப்பாடம்.

3, 4 கதைக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். நேவல் ஆரஞ்சில் நடுத்தர அளவுக்கு 3107, பெரிய அளவுக்கு 4012. ஒரே மரத்தில் காய்த்த இரண்டு பழத்தில் சின்னதற்குக் கதிர்வீச்சு, பெரியதற்கு மருந்தா? கதிர்வீச்சு செலுத்தியதற்கு ரடூரா என்று ஒரு பச்சை வட்டச் சின்னம் தனியாகவே உண்டு.

ஆலமரம்:
சரி, 3, 4 தப்பு என்றே வைத்துக்கொள்வோம். 9 உண்மைதானே? அதை நம்பி வாங்குகிறவர்களிடம் போய் எல்லாமே பொய் என்று சொல்வது எந்த வகையில் நல்லது?

தராசு:
9 உண்மை, மறுக்கவில்லை. நாலு இலக்க எண்ணுக்கு முன்னால் 9 வந்தால் இயற்கை முறை, வாழைப்பழம் 94011 ஆகும். ஆனால் இந்த எண்ணை ஒட்டச் சொல்லி எந்த அரசும் கட்டாயப்படுத்தவில்லை, வியாபாரிகள் தாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. 9 என்பது விற்பவர் சொல்வது, அதற்குச் சாட்சி சான்றிதழ் முத்திரைதான். அமெரிக்காவில் வட்ட முத்திரை, ஐரோப்பாவில் பச்சை இலை, அந்தந்த நாட்டுக்கு ஒன்று. அதைத் தேடுங்கள் என்கிறேன்.

ஆலமரம்:
அப்படியானால் 8? மரபணு மாற்றிய பழத்தை வாங்க வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா?

தராசு:
உரிமை உண்டு, ஆனால் இந்த எண் அதற்கு உதவாது. 8-ஐ அதற்கென்று ஒதுக்கி வைத்தார்கள், கடைகளில் ஒட்டவே இல்லை. 83000 முதல் 84999 வரை சாதாரணப் பழங்களுக்கே கொடுப்பதாக முடிவு செய்துவிட்டார்கள், ஏனென்றால் நாலு இலக்கத்தில் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. 8-ஐப் பார்த்துப் பயந்து பழத்தைத் திரும்ப வைத்தால் காரணமே இல்லாமல் பயந்ததாக ஆகும்.

ஆலமரம்:
என் கோபமே இதுதான். ஹவாயில் மரபணு மாற்றிய பப்பாளி 1998-லிருந்து விற்பனையில் இருக்கிறது, வெட்டினாலும் பழுப்பாகாத ஆப்பிளும் வந்துவிட்டது. ஒதுக்கிய எண்ணை ஒருவரும் ஒட்டவில்லை என்றால் சொல்ல விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? அந்த வாட்ஸ்அப் செய்தி தப்பாக இருக்கலாம், அதை அனுப்புகிறவர்களின் கேள்வி தப்பில்லை.

செம்மண்:
பழத்தோட்டம் வைத்திருப்பவன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இயற்கை விளைச்சல் என்றால் மருந்தே படாதது என்று நினைக்கிறீர்கள், அது சரியில்லை. தாமிரம் கலந்த மருந்து, கந்தகம், வேப்பெண்ணெய் எல்லாம் அந்த முறையிலும் அனுமதி உள்ளவைதான். அப்புறம் இன்னொன்று, மருந்தைத் தொடாமல் விளைவித்தும் சான்றிதழுக்குச் செலவு செய்ய முடியாத என்னைப் போன்றவர்களின் பழத்தில் 9 இருக்காது. அதைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் வலிக்கிறது.

ஆலமரம்:
உங்கள் வலி புரிகிறது. ஆனாலும் கந்தகமும் தொழிற்சாலையில் செய்த பூச்சிக்கொல்லியும் ஒன்றாகிவிடாது. உங்களை நேரில் தெரிந்தால் உங்களிடமே வாங்குவேன். தெரியாத கடையில் எனக்கு 9-ஐ விட்டால் வேறு என்ன பிடிமானம் இருக்கிறது?

வாணி:
கடையில் நிற்கும்போது நான் என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்.

தராசு:
முதல் இலக்கத்தில் 9-ஐ மட்டும் கவனியுங்கள், பக்கத்திலோ பெட்டியிலோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். எந்த நாட்டில் விளைந்தது என்று பல ஸ்டிக்கர்களில் எழுதியிருக்கும், எனக்கு அது எண்ணைவிடப் பயனுள்ள தகவல். வீட்டுக்கு வந்ததும் எந்த எண்ணாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

வாணி:
குழுவில் அந்தச் செய்திக்குக் கீழே 3107, 4012 கணக்கை எழுதிவிட்டேன். ஆனால் 8 விஷயத்தில் நான் ஆலமரம் பக்கம்தான்.