எத்தனாலுக்கு எது தேறும்: கரும்பா, மக்காச்சோளமா, மரவள்ளியா?

ஆத்தூர்க்காரன்:
நாலு ஏக்கர் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் இறங்கியதும் கரும்பை விட்டு மரவள்ளிக்கு மாறினேன். மாவுப்பூச்சி ஒரு பக்கம், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவுச்சத்துப் பாயின்ட் குறைவு என்று விலையைக் குறைப்பது இன்னொரு பக்கம். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் வந்துவிட்டதே, அதற்கென்று பயிர் வைத்தால் ஏக்கருக்கு எது அதிக லிட்டர் தரும்?

டிஸ்டிலரி லேப்:
அண்ணா, டன் கணக்கில் மக்காச்சோளம் முந்தும்: சுமார் 370 லிட்டர். மரவள்ளி மாவுச்சத்தைப் பொறுத்து 150-180. கரும்புச் சாறு 70 தான். ஏக்கருக்கு என்றால் கதை மாறும். நாற்பது டன் கரும்பில் 2,800 லிட்டர் வரும். மூன்று டன் மக்காச்சோளத்தில் 1,100. ஆனால் கரும்பு வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்கும், மக்காச்சோளம் 110 நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

லிட்டர் கணக்கு ஆலைக்காரனுக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது, சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைக்க வேண்டும். வெயிலில் நின்ற லோடு கேட்டுக்குள் வரும்போதே புளித்த வாடை அடிக்கும்; சாற்றில் சர்க்கரை இறங்கியிருக்கும். மரவள்ளியைப் பிடுங்கி மூன்று நாள் போட்டு உடைத்துப் பாருங்கள், உள்ளே நீலநீலமாகக் கோடு ஓடியிருக்கும். மக்காச்சோளம் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால் மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். ஆலைகள் அந்தப் பக்கம் சாய்வதற்கு இது முக்கியக் காரணம். 2024-25இல் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலையும் அப்படித்தான்: மக்காச்சோள எத்தனால் லிட்டருக்கு 71.86 ரூபாய், கரும்புச் சாற்றில் எடுத்தது 65.61.

கரும்புக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அதன் சக்கையே பாய்லரை எரித்துவிடும். மக்காச்சோளத்துக்கு விறகோ நிலக்கரியோ வெளியிலிருந்து வர வேண்டும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க என்சைம் செலவு வேறு. அப்புறம், 2023 டிசம்பரில் சர்க்கரை போதாது என்று மத்திய அரசு சாற்று எத்தனாலுக்குக் கடிவாளம் போட்டது. அடுத்த ஆகஸ்டில்தான் விட்டார்கள்.

நாமக்கல் பண்ணை:
எல்லாரும் மக்காச்சோளத்தை எத்தனால் ஆலையில் கொட்டினால் எங்கள் கோழிக்கு என்ன போடுவது? எத்தனால் எடுத்த மிச்சத்தைத் தீவனமாகத் தருகிறார்கள், சரி. ஆனால் சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால், மாவுச்சத்து போனபின் அது மூன்று மடங்காகச் செறிந்துவிடும். டெஸ்ட் பார்க்காமல் நான் ஒரு மூட்டைகூட இறக்குவதில்லை.

ஆத்தூர்க்காரன்:
தண்டில் சாறு எடுக்கிற சர்க்கரைச் சோளம் என்கிறார்களே? மரவள்ளிக்கும் வழியே இல்லையா?

டிஸ்டிலரி லேப்:
சர்க்கரைச் சோளத்துக்குத் தண்ணீர் குறைவு, நாலு மாதம்தான். ஆனால் தண்டு கரும்பைவிடச் சீக்கிரம் கெடும், டன்னுக்கு நாற்பது லிட்டர் போல்தான் வரும். மரவள்ளியின் பெயர் 2018 உயிரி எரிபொருள் கொள்கையிலேயே இருக்கிறது. பெயர் இருந்து என்ன, வாங்க ஆள் வேண்டுமே. பக்கத்தில் தானிய டிஸ்டிலரி எத்தனை கிலோமீட்டர், லாரி வாடகை யார் தலையில் என்று கேட்டுவிட்டு இரண்டு ஏக்கரில் மட்டும் மக்காச்சோளம் போடுங்கள். ஆலை வாங்காவிட்டாலும் நாமக்கல்காரர் வாங்குவார்.

நாமக்கல் பண்ணை:
காயவைத்துக் கொண்டுவந்தால் வாங்குகிறேங்க.