லேண்ட்மாஸ்டர் ஏற்றும் பலகைத் தட்டு: புதுப்பிப்பு

கந்தப்பளைத் தோட்டத்துக்கு லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கரக் கை உழவு மெஷின்) ஏற்றிப்போக, கெப் வண்டியில் (பின்னால் சாமான் ஏற்றுகிற பிக்கப்) வீட்டிலேயே பலகைத் தட்டு அடிக்கலாமா என்று போன மாசம் இங்கே கேட்டிருந்தேன். அடித்துவிட்டேன். தட்டில் குறை இல்லை. பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டதால் மழைத்தண்ணி நிற்பதில்லை.

ஏற்றுகிற சாய்பலகைதான் பாடம் படிப்பித்தது. முதலில் 6 அடியில் செய்தேன். தட்டு இரண்டரை அடி உயரம், சாய்வு கிட்டத்தட்ட 25 பாகை. பாதி ஏறியதும் சக்கரம் பலகையைப் பின்னால் தள்ள, மேல்முனை தட்டை விட்டு நழுவிவிட்டது. தம்பி ஹேண்டிலை விட்டுவிட்டுக் குதித்ததால் கால் தப்பியது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாக, சாய்பலகைக்குச் சங்கிலி போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. பலகையை 8 அடியாக்கி (18 பாகை), இரண்டு பக்கமும் சங்கிலியால் கெப்போடு கட்டிவிட்டேன். பனி ஈரத்தில் வழுக்காமலிருக்கச் சாணுக்கு ஒரு குறுக்குச் சட்டம்.

அப்புறம், கெப்பின் பின்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். பலகையின் கீழ்முனை மேட்டில் உட்காரும், சாய்வு நன்றாகக் குறையும். ஆனால் வண்டி பள்ளத்தைப் பார்த்து நிற்கும். முன்சக்கரங்களுக்கு முன்னால் கல் வைக்காமல் ஏற்றவே வேண்டாம்.