பேட்ச் டெஸ்ட்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டில் செய்யும் சோப்பு, குளியல் பொடி, தலைக்கு எண்ணெய், மருதாணி விழுது இவற்றுக்கான கையேட்டில் மற்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் ஏறத்தாழ முடிவாகிவிட்டன. 'பேட்ச் டெஸ்ட்' மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வந்த கருத்துகளுக்கு ஒரே மடலில் மறுமொழி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

> 'பேட்ச் டெஸ்ட்' என்றாலே எல்லோருக்கும் புரிகிறது. அதை ஏன் தொட வேண்டும்?

புரிகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு தடவையில் காய்ச்சி வார்க்கிற சோப்பும் 'பேட்ச்' (batch), முழங்கை மடிப்பில் துளி தடவிப் பார்ப்பதும் 'பேட்ச்' (patch). பேசும்போது ஒலியில் வித்தியாசம் தெரியும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய சோப்பின் அட்டையில் 'பேட்ச் டெஸ்ட் செய்யப்பட்டது' என்று அச்சிட்டிருந்தார்கள். செய்தவர் சொல்ல வந்தது, அந்தத் தடவை வார்த்த சோப்பில், எண்ணெயைச் சோப்பாக்கச் சேர்த்த காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) மிச்சமில்லை என்பதை. வாங்கியவர் எடுத்துக்கொண்டது, தோலில் போட்டுப் பார்த்தாயிற்று, இனி நாம் பார்க்க வேண்டியதில்லை என்று. முகத்துக்கே போட்டுக்கொண்டார். காரம் உண்மையிலேயே மிச்சமில்லை. வாசனைக்குச் சேர்த்திருந்த இலவங்கப்பட்டை எண்ணெய்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் கன்னம் இரண்டும் தடித்து, சிவந்து, தோல் உரிய ஆரம்பித்தது. அந்த அட்டையில் யாரும் பொய் எழுதவில்லை. சொல் ஒன்றாக இருந்ததால் வந்த வினை. ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதலில் சுலபமானது. ஒரு தடவைக்குச் செய்து இறக்கும் அளவுக்கு நம் சமையலறையில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஈடு. 'முதல் ஈடு இறக்கியாச்சு, அடுத்த ஈடு வைக்கணும்' என்று வாய் தானாகச் சொல்கிறது. 'தொகுதி' என்று எழுதலாம் என்றார் ஒரு நண்பர். தொகுதி என்றால் பிறகு ஒன்றுசேர்த்தது என்று பொருள் வருகிறது. ஒரே பாத்திரத்தில், ஒரே சூட்டில், ஒரே கலவையிலிருந்து பிறந்தவை என்பதை ஈடுதான் சொல்கிறது. 'ஈட்டுக் கடன்' நினைவுக்கு வராதா என்று கேட்டிருந்தீர்கள். 'ஈட்டு எண்', 'ஈட்டு நாள்' என்று சோப்பு அட்டையில் பார்ப்பவருக்கு அடமானம் நினைவுக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே சொல் இடத்துக்கேற்பப் பொருள் மாறுவது நமக்குப் புதிதும் அல்ல.

ஈட்டுச் சோதனை ஏன் வேண்டும் என்பதையும் கையேட்டில் ஒரு வரியாவது எழுத வேண்டும். 100 கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற ஏறத்தாழ 18 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. அதே 100 கிராம் விளக்கெண்ணெய்க்கு 13 கிராம் போதும். எண்ணெயை மாற்றிவிட்டு காரத்தின் அளவை மாற்ற மறந்தால் அந்த ஈடு முழுவதும் தோலை அரிக்கும். வெட்டிய கட்டியில், காரத்தை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் கரைசலைத் துளி விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். அப்போது அந்த ஈட்டை விற்கவும் கூடாது, பூசவும் கூடாது. இது பொருளைப் பற்றிய சோதனை. யார் தோலும் இதில் சம்பந்தப்படவில்லை.

> தோலுக்கானது 'ஒட்டுச் சோதனை' என்று மருத்துவத் தமிழில் வழங்குகிறதே. அதையே வைத்துக்கொள்ளலாமே.

மருத்துவரிடம் செய்வதற்கு அதுவே பொருத்தம், ஐயா. அதை மாற்றச் சொல்லவில்லை. அங்கே உண்மையிலேயே ஒட்டுகிறார்கள். 1895இல் யோசப் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை அது. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை அளந்து சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு இன்னும் ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஒருவருக்கு ஆகாது என்று கண்டுபிடிப்பது அதன் நோக்கம்.

வீட்டில் செய்வது வேறு. இந்த விழுது, இந்த எண்ணெய், என் தோலுக்கு ஆகுமா என்பது மட்டுமே கேள்வி. ஒட்டுவதும் இல்லை, மூடுவதும் இல்லை. 'ஒட்டுச் சோதனை' என்று அட்டையில் எழுதினால் பொடியைக் குழைத்து வைத்து மேலே பிளாஸ்திரி போட்டு மூடுகிறவர்கள் இருப்பார்கள். மூடினால் கழுவி விட வேண்டிய பொருள்கூடத் தோலை எரிச்சலூட்டும். சோப்பை அப்படி மூடி வைத்தால் யாருக்கும் சிவக்கத்தான் செய்யும்.

> அப்படியானால் 'தடவல் சோதனை' போதாதா? எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அந்தச் சொல்லில் காலம் இல்லை. தடவினேன், ஐந்து நிமிடம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, பூசிக்கொண்டேன் என்றுதான் எல்லோரும் செய்கிறார்கள். தோலில் தொட்டு வரும் ஒவ்வாமை பெரும்பாலும் அன்றே வருவதில்லை. உடலின் எதிர்ப்பணுக்கள் பொருளை அடையாளம் கண்டு அந்த இடத்துக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். உடனே எரிவது பெரும்பாலும் எரிச்சல். மறுநாளோ அதற்கு மறுநாளோ அரித்துத் தடிப்பதுதான் நாம் பயப்பட வேண்டியது. அதனால் சொல்லுக்குள்ளேயே காத்திருப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

'ஒவ்வுச் சோதனை' என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வாமைக்கு எதிர்ச்சொல்லாக அழகாக அமைகிறது. தயக்கம் ஒன்றுதான்: 'ஒவ்வு', 'ஒவ்வா' இரண்டையும் அட்டையின் பொடி எழுத்தில் அவசரமாகப் படிப்பவர் குழப்பிக்கொள்வார். பாதுகாப்புக்கான சொல்லில் ஒரு நெடிலை நம்பி இருக்க முடியாது.

என் பரிந்துரை: பொறுதிச் சோதனை.

'பொறுதி' அகராதியில் இருக்கும் சொல்தான். பொறு என்ற வேரிலிருந்து வருகிறது. 'கொஞ்சம் பொறு' என்றால் காத்திரு. 'சூடு பொறுக்க முடியவில்லை' என்றால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பொறுக்க வேண்டும், தோல் பொறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்ய வேண்டிய இரண்டு வேலையும் ஒரே வேரில் அடங்கிவிடுகின்றன. வேறு எந்தச் சொல்லிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

அட்டைக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

'பொறுதிச் சோதனை: முழங்கையின் உள்மடிப்பில் ஒரு காசு அகலத்துக்குப் பூசுங்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். கழுவாமல் விடும் பொருளானால் அப்படியே விடுங்கள். 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, கொப்புளம், எரிச்சல் எது வந்தாலும் கழுவிவிட்டு, அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.'

'பொறுத்துப் பாருங்கள்' என்று வினையாக வந்ததும் சொல் புதிது என்ற உணர்வே போய்விடுகிறது. படித்துக் காட்டியவர்கள் யாரும் பொருள் கேட்கவில்லை. மருதாணிக்கு மட்டும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும்: பூசிய இடம் சிவப்பது சாயம், அது எதிர்வினை அல்ல. தொட்டால் மேடாக இருக்கிறதா, அரிக்கிறதா என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். கண் ஏமாற்றும்.

> வீட்டில் அரைத்த இயற்கைப் பொருளுக்கு இவ்வளவு சோதனை தேவையா?

தேவை. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மருதாணி விழுதில் சாயம் நன்றாகப் பிடிக்க யூக்கலிப்டஸ், தேயிலை மர எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் என்று எதையாவது சேர்க்கிறோம். லாவெண்டரில் உள்ள லினலூல், எலுமிச்சை வகைப் பழத்தோல் எண்ணெய்களில் உள்ள லிமோனீன் இரண்டும் காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன. போன வருடம் திறந்த புட்டி அன்று ஒத்துக்கொண்டது என்பதற்காக இன்று ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள பியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் வெளிச்சம் பட்டுத் தோலைப் பொசுக்கிவிடும். கறுத்த தழும்பு மாதக் கணக்கில் இருக்கும். இதெல்லாம் இயற்கைதான்.

எனவே ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பொறுதிச் சோதனை என்று கையேட்டில் எழுத விரும்புகிறேன். 'ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பேட்ச் டெஸ்ட்' என்று எழுதியிருந்தால் இந்த வாக்கியத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

> 'பிளாக் ஹென்னா'வுக்குக் 'கருமருதாணி' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

தோழி, இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். மருதாணி என்ற பெயர் ஒட்டியிருக்கும் வரை அதற்குச் செடியின் நற்பெயர் கிடைத்துக்கொண்டே இருக்கும். மருதாணி இலையில் உள்ள சாயம் லாசோன். அது தோலின் புரதமான கெரட்டினோடு பிணைந்து முதலில் ஆரஞ்சு நிறம் தரும். ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து செம்பழுப்பாகும். அதற்கு மணிக்கணக்கில் விழுது கையில் இருக்க வேண்டும். அரை மணியில், ஒரு மணியில் கன்னங்கரேலென்று கறுத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாராபெனிலீன்டையமின், தலைமுடிச் சாயத்தில் சேர்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தலைமுடியில் பூசும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் கோலம் போட அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி இல்லை. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2006இல் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான். கொப்புளம் வெடித்து, போட்ட கொடியும் பூவும் அப்படியே வடுவாகத் தங்கிவிடும். அதைவிடக் கொடுமை, ஒருமுறை தோல் அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க முடிச்சாயம், மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகள், சில கறுப்புத் துணிச் சாயங்கள் வரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

'கருஞ்சாயப் பூச்சு' என்று போடுவோம். மருதாணி என்ற சொல்லே அருகில் வரக்கூடாது. கையேட்டில் பொறுதிச் சோதனைப் பகுதியிலும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கருஞ்சாயப் பூச்சுக்குப் பொறுதிச் சோதனை கிடையாது. முதல்முறை பட்டபோது தோல் பேசாமல் இருக்கும். உள்ளே பகை முற்ற ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். இரண்டு நாளில் ஒன்றும் வரவில்லை என்பது அங்கே எதற்கும் சான்றாகாது. சோதிப்பதே முதல் தீண்டலாகிவிடும்.

இன்னோர் எல்லையும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அசல் மருதாணியே ஆகாது. லாசோன் தோல் வழியே உள்ளே போய் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தோல் எந்த அடையாளமும் காட்டாது. கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம் என்று நேராகவே எழுதிவிடலாம்.

> 'டை ரிலீஸ்' = சாய வெளியீடு?

'சாய வெளியீடு' நூல் வெளியீடு போல ஒலிக்கிறது. 'சாயம் விடுதல்' என்றால் துணியைத் துவைத்துச் சாயம் போனது போலாகும். 'சாயம் இறங்குதல்' என்று சொல்வோம். ஊறப்போட்டதிலிருந்து சத்தோ நிறமோ நீருக்கு வருவதை 'இறங்குகிறது' என்றுதானே சொல்கிறோம். பெயராக வேண்டுமென்றால் சாய இறக்கம். குழைத்து மூடி வைத்த விழுதின் மேற்பரப்பு பழுப்பாகி, கரண்டியால் கிளறினால் உள்ளே இன்னும் பச்சையாகத் தெரியும். அந்த நேரத்தில் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துச் சில நிமிடத்தில் துடைத்தால் ஆரஞ்சு தெரிந்தால் சாயம் இறங்கிவிட்டது. இலையில் சர்க்கரையோடு பிணைந்து கிளைக்கோசைடாகக் கட்டுண்டு கிடந்தது நீரும் எலுமிச்சைப் புளிப்பும் பட்டுப் பிரிந்து லாசோனாக மாறுவதுதான் இந்த இறக்கம். இதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. மேலே 'பகை முற்ற' என்று எழுதினேனே, தோல் ஒரு பொருளை முதன்முதலாக எதிரியாகக் குறித்துக்கொள்ளும் அந்த மௌனமான கட்டம். 'கூருணர்வாக்கம்' என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அது தோலுக்கு நுண்ணுணர்வு கூடியது போல நல்ல பொருளைத் தருகிறது. 'பகைமூட்டல்' சரியாக வருமா? செய்பவர் தோலா, பொருளா என்பதில் தடுமாறுகிறேன். மருத்துவம் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்