கரண்ட் தப்பித்தது, ஸ்டீம் போனது: ரிஃபைனரி கோஜென் அனுபவங்கள்

நைட்பேனல்
கோஜென் (ஒரே எரிபொருளில் கரண்ட்டும் ஸ்டீமும் எடுக்கும் பிளான்ட்) கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கும் இது நடந்திருக்கிறதா? கிரிட்டில் எங்கோ கோளாறு, கிரிட்டோடு இணைக்கும் டை பிரேக்கர் திறந்து நாங்கள் ஐலேண்ட் ஆனோம், அதாவது தனித்து ஓட ஆரம்பித்தோம். டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ட்ரூப்பிலிருந்து (கிரிட்டோடு லோடு பகிரும் முறை) ஐசோக்ரோனஸுக்கு (தானே ஃப்ரீக்வென்சியை நிலையாகப் பிடிக்கும் முறை) மாறியது, ஃப்ரீக்வென்சி 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனது, லோடு ஷெடிங் வெட்ட வேண்டியதை வெட்டியது, மெல்ல 50-க்கு வந்து நின்றது. எலக்ட்ரிகல்காரர் ஒருவர் கைதட்டவே தட்டினார்.

அதே நேரம் என் திரையில் டீஏரேட்டர் (பாய்லர் தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை நீக்கிச் சேமிக்கும் டேங்க்) லெவல் இறங்கிக்கொண்டிருந்தது. டிஎம் வாட்டரை (உப்பு நீக்கிய தண்ணீர்) அங்கே தள்ளும் பம்புகள் இருந்த எம்சிசியை (மோட்டார்களுக்குக் கரண்ட் பிரிக்கும் பேனல்) "முக்கியமில்லாதது" என்று ஷெடிங் பட்டியலின் முதல் படியில் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்ட்பை பம்பும் அதே எம்சிசியில்தான். டேங்கில் இருப்பது பத்து, பதினைந்து நிமிடத் தண்ணீர். நான் கத்திச் சொல்லி, ஆள் சப்ஸ்டேஷனுக்கு ஓடி, லாக்அவுட்டை ரீசெட் செய்வதற்குள் பாய்லர் ஃபீடு பம்புகள் ட்ரிப். பாய்லர் டிரம் லெவல் லோ-லோ, டர்பைன் எக்ஸாஸ்டைப் பாய்லருக்குத் திருப்பும் டைவர்ட்டர் டாம்பர் பைபாஸுக்குப் போனது, 500 டிகிரிக்கு மேல் சூடான எக்ஸாஸ்ட் நேராக வானத்துக்கு.

மெகாவாட் மீட்டர் அசையவே இல்லை. பக்கத்துத் திரையில் ஃப்ளேர் (மிஞ்சும் கேஸை எரிக்கும் உயரக் குழாய்) கேமரா: புகையைத் தடுக்க டிப்புக்குப் போகும் ஸ்டீம் இல்லாமல் கரும்புகை திரண்டு மேலே போகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த அந்த ஒரு நிமிடம் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ரிலேரூம்
எலக்ட்ரிகல்காரர் கைதட்டினார் என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டுமா? அந்தப் பட்டியலில் ப்ராசஸ், யுட்டிலிட்டி, எலக்ட்ரிகல் மூவரும்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். எம்சிசிக்குள் என்ன பம்பு இருக்கிறது என்று யுட்டிலிட்டி சொல்லாவிட்டால் எங்களுக்கு அது வெறும் ஃபீடர் நம்பர்.

எனக்கு நடந்தது தலைகீழ். கிரிட் நன்றாக இருந்தது, ப்ராசஸ் யூனிட் ஒன்று ட்ரிப். ஸ்டீம் கேட்க ஆள் இல்லை. பேக் பிரஷர் டர்பைனில் எக்ஸாஸ்ட் ஸ்டீமுக்குப் போக இடம் இருந்தால்தானே கரண்ட்? மெகாவாட் சரிந்தது, கிரிட்டிலிருந்து எடுக்கும் இம்போர்ட் ஒப்பந்த அளவைத் தொடப் போனது. "எல்பி வென்ட்டைத் திற" என்று உத்தரவு, அதாவது லோ பிரஷர் ஸ்டீமை வெளியே விடு. கரண்ட்டைக் காப்பாற்ற, சுத்திகரித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து வானத்தில் விட்டோம். சைலன்ஸர் இருந்தும் விடிய விடிய இரைச்சல்.

ஹீட்பேலன்ஸ்
இதைத்தான் நான் கரடியாய்க் கத்துகிறேன். கோஜென் 80 சதவீதம் என்று போர்டில் எழுதி மாட்டுகிறார்கள். எரிபொருளில் ஏறத்தாழ 30 சதவீதம் கரண்ட்டாகவும் மீதியில் பெரும்பகுதி ஸ்டீமாகவும் பயன்பட்டால்தான் அந்தக் கணக்கு. வென்ட் திறந்திருக்கும்போது ரிலேரூம் ஓட்டியது கோஜென் இல்லை, மோசமான பவர் பிளான்ட். ஆனால் வேறு வழியும் இருந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

கேஸ்லைன்
எங்களிடம் மழை இரவில் எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் ஸ்ப்ரெட் (சுற்றிலும் எடுக்கும் ரீடிங்குகளுக்கு இடையிலான வித்தியாசம்) எகிறி டர்பைன் ட்ரிப் ஆனது. ஃபியூயல் கேஸில் திரவம். கேஸிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் நாக்அவுட் டிரம்மைத் திறந்தபோது வந்த பெட்ரோல் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

எனவே எல்லோருக்கும் சொல்கிறேன். ரிஃபைனரி கேஸ் பைப்லைன் கேஸ் மாதிரி ஒரே சீராக வராது. டியூ பாயிண்ட்டுக்கு (கேஸ் திரவமாக ஆரம்பிக்கும் டெம்பரேச்சர்) மேல் குறைந்தது 28 டிகிரி சூப்பர்ஹீட் வையுங்கள். பைப்பைச் சூடாக வைக்கும் ட்ரேசிங் ஸ்டீமை அடைத்துவிட்டுப் போகாதீர்கள். டிரம் லெவல் கிளாஸை ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள், டிரான்ஸ்மிட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் ஹைட்ரஜன்: ரீஃபார்மர் கேஸ் ஹெடரில் திடீரென்று அதிகமாக விழுந்தால் தீயின் வேகம் கூடும். பழைய டிஃப்யூஷன் பர்னர் (கேஸும் காற்றும் தீயிலேயே கலப்பது) தாங்கும். ப்ரீமிக்ஸ் பர்னர் (முன்பே கலப்பது) என்றால் ஃப்ளாஷ்பேக் அடித்து, தீ பின்னால் பாய்ந்து, நாசிலையே தின்றுவிடும். ஆகவே கேஸில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கேஸ் க்ரோமடோகிராஃப் ரீடிங்கை டர்பைன் பேனலிலும் காட்டச் சொல்லுங்கள். கேஸிலிருந்து லிக்விட் ஃபியூயலுக்கு மாறுவதை லோடு குறைவான நேரத்தில் ஓட்டிப் பழகுங்கள். வால்வு ஒட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும்.

நைட்பேனல்
கேஸ்லைன், நல்ல விஷயம்தான், ஆனால் நான் கேட்டது தண்ணீர் பற்றி. ரிலேரூம், மூன்று கையெழுத்து இருந்தது உண்மை. மூவரும் வேறு வேறு பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

பட்டியலைத் திருத்தினார்களா என்று தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டவருக்கு: அந்த எம்சிசியை எடுத்துவிட்டார்கள். அதனால் குறைந்த லோடுக்குப் பதில் எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். கன்ட்ரோல் வால்வுகளை இயக்கும் காற்றைத் தரும் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் கம்ப்ரஸராம், ஓடுகிற இரண்டில் ஒன்று.