குளத்துக்கு இடும் உரமும் சேற்றில் வாழும் பாக்டீரியாவும்: சேலம் வட்டார மீன் வளர்ப்போரின் அனுபவங்கள்

வாழப்பாடியிலிருந்து

குளத்தில் கரைத்துவிடும் சாணத்தை முதலில் உண்பவை பாக்டீரியாக்கள். அவை சிதைத்து வெளிவிடும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கொண்டு பாசி வளர்ந்து, பாசியை உண்டு நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகிய பிறகே கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இரை கிடைக்கிறது. இந்த வரிசையை நான் தெளிவாகக் கண்டது ஓர் ஐப்பசி அடைமழையின்போது. பக்கத்துத் தோட்டத்துக் குளத்தில், மாதம் முழுமைக்குமான சாணத்தை ஒரே நாளில் கொட்டியிருந்தார்கள். வெயில் எட்டிப் பார்க்காததால் பாசி ஆக்சிஜனை உண்டாக்கவில்லை. சாணத்தில் பெருகிய பாக்டீரியாக்களோ இருந்ததையும் இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தன. விடியும்போது கட்லாக்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. போர்வெல் நீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்த பிறகே அவை அடங்கின.

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு, ஆண்டுக்கு எக்டேருக்குச் சுமார் 10 டன் பச்சைச் சாணம். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குஞ்சு விடுவதற்கு முன் இட்டு, மீதியைப் பிரித்து இடச் சொல்வார்கள். நாங்கள் அந்த மீதியை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கரைத்து, வெயில் ஏறிய பிறகு விடுகிறோம். மேகமூட்டம் இருந்தால் தள்ளிப்போடுகிறோம்.

சேற்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு பாக்டீரியாக்கள் அங்கேதான் வாழ்கின்றன. நல்ல குளத்துச் சேற்றின் மேற்பரப்பில் மெல்லிய பழுப்புப் படலம் இருக்கும். அதை விரலால் விலக்கினால் கீழே கறுப்பு. பழுப்பில் ஆக்சிஜன் உண்டு, கறுப்பில் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனால் வருவதுதான். அந்த நச்சு மேலே ஏறாமல் தடுத்து நிற்பது இந்தப் படலம். அளவு மீறிச் சாணம் இட்ட குளத்தில் படலமே மறைந்து, சேறு மேலிருந்தே கறுத்திருக்கும். அடியில் மேயும் மிர்கால் மீன் அங்கே தேறுவதில்லை.

ஓமலூரிலிருந்து

வாழப்பாடி அண்ணா, எங்கள் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமி. கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அப்படியே வீசினால் அதன் மணிச்சத்தைக் கால்சியம் பிணைத்துக்கொண்டு சேற்றில் படிந்துவிடுகிறது. முதல் நாளே வாளியில் ஊறவைத்துக் கரைத்துத் தெளிப்பதும், சுண்ணாம்பு இட்ட பின் ஒரு வாரமாவது பொறுத்திருப்பதும் இதனால்தான். சேற்றில் சிக்கியதை மீட்பவையும் பாக்டீரியாக்களே: பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்றவை கரிம அமிலங்களைச் சுரந்து அதைக் கரைக்கின்றன. அவற்றுக்கும் உணவு வேண்டுமல்லவா? ரசாயன உரம் மட்டும் இட்ட ஆண்டைவிட, சாணமும் சேர்த்து இட்ட ஆண்டில் எங்கள் நீர் நெடுநாள் பசுமையாக நின்றதற்கு இதையே காரணமாகக் கருதுகிறேன்.

யூரியாவில் கூடுதல் கவனம் தேவை. பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்ற, அதை நைட்ரோசோமோனாஸ் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரோபாக்டர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மெதுவாகப் பெருகுபவை என்பதால், யூரியா மிகுந்தால் அம்மோனியா தேங்கிவிடும். பாசி அடர்ந்த குளத்தில் பிற்பகலில் நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டும்போது, அம்மோனியாவின் கணிசமான பங்கு மீனுக்கு நச்சாகும் வடிவில் இருக்கும்.

ஆத்தூரிலிருந்து

இங்கே ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) எளிதாகக் கிடைப்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன். திப்பியில் மாவுச்சத்து மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை நீரிலுள்ள அம்மோனியாவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஆகவே தீவனம் அதிகம் போட்டு அம்மோனியா தேங்கும் குளத்தில் சிறிதளவு திப்பி உதவுகிறது. ஆனால் ஆக்சிஜன் வேகமாகக் குறையும். ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாதவர்கள் முயல வேண்டாம். சாணக் குளத்து மீனை உண்ணலாமா என்று வாங்குவோர் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அண்ணா?

வாழப்பாடியிலிருந்து

நியாயமான கேள்வி. சாணத்தோடு, குடலில் வாழும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் குளத்துக்குள் வருகிறது. வெயிலும் நீரின் காரத்தன்மையும் அதைக் குறைத்தாலும் முழுவதும் நீக்குவதில்லை. மீனின் தோலிலும் செவுளிலும் குடலிலும்தான் அது தங்கும். பிடிப்பதற்குச் சில வாரம் முன்பே சாணத்தை நிறுத்தி, பிடித்த மீனைச் சுத்தமான நீரில் கழுவி ஐஸில் வைக்கிறோம். குடலைக் கிழியாமல் எடுத்துவிட்டு நன்றாக வேகவைக்கும்படி வாங்குவோரிடம் சொல்கிறோம்.

அறுவடைக்குப் பின் சித்திரை வெயிலில் குளத்தை வற்றவிடுங்கள். வெடிப்புகளின் வழியே காற்று இறங்கியதும், தேங்கிய கழிவை ஆக்சிஜன் விரும்பும் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்க, கறுப்புச் சேறு பழுப்பாக மாறும். ஈரம் முற்றிலும் போய்விட்டால் அவையும் ஓய்ந்துவிடும் என்பதால், சற்று ஈரம் இருக்கும்போதே சுண்ணாம்பைத் தூவி மேலாக ஓர் உழவு ஓட்டிவிடுகிறோம்.