ஸ்டூவர்ட் முதல் சொராவர் வரை: இலகு டாங்கிகளை நம் ராணுவம் ஏன் இவ்வளவு காலம் ஒதுக்கி வைத்தது?

பனிவெளி:

இந்திய ராணுவத்தில் டாங்கிகள் பயன்பட்ட வரலாற்றைப் படித்து வருகையில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். பாகிஸ்தானுடனான காஷ்மீர் போரில், 1948 நவம்பர் 1 அன்று, 7ஆவது லைட் கவல்ரி என்னும் கவசப் படைப்பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் சுமார் 11,500 அடி உயரத்திலுள்ள சோஜி லா கணவாயைக் கடந்தன. 1962 சீனப் போரில் 20 லான்சர்ஸ் படைப்பிரிவின் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை விமானப்படை ஆன்டனோவ்-12 விமானங்களில் ஏற்றிச் சென்று லடாக்கின் சுஷூலில் இறக்கியது. இரண்டுமே ஏறத்தாழ 15 டன் எடை கொண்டவை. மலையில் இவ்வளவு கைகொடுத்த ஒரு வகையைப் பின்னர் கைவிட்டு, கனத்த டாங்கிகளையே நம்பியிருந்துவிட்டு, 25 டன் எடையுள்ள சொராவர் என்னும் உள்நாட்டு இலகு டாங்கியின் மாதிரியை 2024இல்தான் வெளியில் காட்டியிருக்கிறோம். இந்த இடைவெளிக்குக் காரணம் போர்க்களம் பற்றிய கணிப்பா, அல்லது கிடைத்ததை வாங்கிய நிலைமையா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய கன்னர்:

நான் விஜயந்தா டாங்கியில் லோடராக (குண்டு நிரப்புபவராக) சேர்ந்து, டி-72 டாங்கியில் கன்னராக (பீரங்கி சுடுபவராக) இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கான விடை பஞ்சாப் சமவெளியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் 1ஆவது கவச டிவிஷன் அமெரிக்கத் தயாரிப்பான பாட்டன் டாங்கிகளோடு நுழைந்தபோது, நம் படைகள் அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலைகொண்டு, வாய்க்கால் நீரை வயல்களுக்குள் திறந்துவிட்டுக் காத்திருந்தன. உயர்ந்து வளர்ந்த கரும்புக்குள் 3ஆவது கவல்ரியின் சென்சூரியன் டாங்கிகள் மறைந்து நின்றன. சேற்றில் வேகம் குறைந்து, திரும்ப முயன்று பக்கவாட்டைக் காட்டிய பாட்டன்கள் குறைந்த தூரத்திலேயே அடிபட்டன. இந்தியத் தரப்புக் கணக்கின்படி பாகிஸ்தான் அங்கே 97 டாங்கிகளை இழந்தது. கவசப் பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தாமஸ் தியோகராஜ். ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்தி அங்கேயே உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

அந்தக் களத்தில் ஏ.எம்.எக்ஸ்-13களும் இருந்தன. ஆனால் பாட்டனின் 90 மி.மீ. குண்டைத் தாங்கக்கூடிய கவசம் அவற்றுக்குக் கிடையாது. அதே மாதம் சியால்கோட் பகுதியில் லெப்டினன்ட் கர்னல் தாராபோர் வீழ்ந்த போரும், 1971 டிசம்பர் 16 அன்று பசந்தரில் 21 வயது அருண் கேதர்பால் வீழ்ந்த போரும் டாங்கிக்கு எதிரே டாங்கி நின்ற போர்களே. இருவருமே பூனா ஹார்ஸ் படைப்பிரிவினர், இருவருமே சென்சூரியனில் இருந்தவர்கள். இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு எந்தத் தளபதி மெல்லிய கவசத்தைக் கேட்பார்?

பாலம்கட்டி:

கன்னர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆயினும் 1962க்குப் பின் இலகு டாங்கியே இல்லை என்பது போன்ற தோற்றம் எழக்கூடாது. நீரில் மிதந்து செல்லும் 14 டன் பி.டி-76 டாங்கிகளோடு 45ஆவது கவல்ரி 1971 நவம்பர் 21 அன்று கரீப்பூரில் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை முறியடித்தது. ஆறுகள் நிறைந்த வங்க நிலத்தில் கனத்த டாங்கி நகர்ந்திருக்கவே முடியாது.

சோஜி லாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வென்றது டாங்கியின் வலிமை மட்டுமன்று. காலாட்படையின் முந்தைய தாக்குதல் தோற்ற பிறகு, ஜெனரல் திம்மையாவின் திட்டப்படி டாங்கிகளின் சுழல் மேடைகளை (பீரங்கி பொருத்திய மேற்பகுதிகளை) கழற்றித் தனியே கொண்டுவந்தார்கள். இதனால் பாலங்கள் தாங்கின, எதிரிக்கும் செய்தி எட்டவில்லை. பால்டாலிலிருந்து மேலே சென்ற கோவேறு கழுதைப் பாதையை எதிரியின் சூட்டுக்கு நடுவே டாங்கி ஏறும் பாதையாக வெட்டியவர்கள் ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று எவரும் எதிர்பார்க்காததால்தான் 37 மி.மீ. சிறு பீரங்கியே போதுமானதாயிற்று. லே சாலையை மீட்ட அந்த நாளைப் பற்றி எழுதும்போது பாதை அமைத்தவர்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆவடி மகள்:

என் தந்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். வாங்கிய கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பிலான முதல் விஜயந்தா 1965 இறுதியில் ஆவடியிலிருந்து வெளிவந்தது. ஆனால் அந்த ஆண்டுப் போரை ஒட்டி அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுத விற்பனையை நிறுத்தியபோது, சோவியத் அணியிலிருந்து டி-55 வந்தது. அந்த உறவு பின்னர் டி-72 உற்பத்தியாக ஆவடிக்கே வந்து சேர்ந்தது. உக்ரைனிடமிருந்து பாகிஸ்தான் டி-80யூடி வாங்கிய பிறகு, 2001இல் 310 டி-90களுக்கு ஒப்பந்தம் போட்டோம். எதிரியிடம் இருப்பதற்கு ஈடு தேடுவதே ஒவ்வொரு முறையும் நடந்தது. 1974இல் தொடங்கிய அர்ஜுன் திட்டமும் 120 மி.மீ. பீரங்கி, நான்கு பேர் குழு, 58 டன்னுக்கு மேற்பட்ட எடை என்று கனத்தையே நோக்கிச் சென்றது. அதன் நிலைத்தன்மையை என் தந்தை மெச்சாத நாளில்லை. ஆனால் அதைப் பாலைவனத்துக்குக் கொடுக்கலாம், கணவாய்க்கு ஏற்ற முடியாது. ஆகவே பனிவெளி அவர்களே, போர்க்களக் கணிப்பும் கிடைத்த வாய்ப்பும் இங்கே ஒரே திசையில் இழுத்தன என்பேன்.

பனிவெளி:

மூவருக்கும் நன்றி. மதராஸ் சாப்பர்ஸ் பற்றிய செய்தி எனக்குப் புதியது. ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. 2020இல் டி-72, டி-90 டாங்கிகளே கிழக்கு லடாக்கின் கைலாஷ் மலைத்தொடரில் ஏற்றி நிறுத்தப்பட்டனவே. கனத்த டாங்கி அங்கே ஏறும் என்றால் சொராவருக்குத் தேவை என்ன?

பழைய கன்னர்:

ஏறும், நிற்கும், எதிரியைத் தயங்கவும் வைக்கும். ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் இழுவைத்திறன் குறைகிறது. அதே 46 டன்னைக் குறைந்த சக்தியோடு சரிவில் இழுக்க வேண்டியிருக்கிறது. எதிரே சீனா 33 டன் அளவிலான டைப்-15 இலகு டாங்கியை நிறுத்தியிருக்கிறது. குளிரில் எண்ணெய் குழம்பாக இறுகும், பேட்டரி செத்துவிடும். இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து போய் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றினால்தான் காலையில் அது கிளம்பும். இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். இலகு டாங்கிக்கும் இந்தத் தொல்லைகள் உண்டு. ஆனால் பாதை சரிந்து ஒரு டாங்கி மாட்டிக்கொண்டால், 25 டன்னை இழுத்து மீட்பதற்கும் 46 டன்னை மீட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே நிற்கும் குழுவினர் நன்றாகவே அறிவார்கள்.