‘ஓட்டம் இல்லை’ என்று வந்த டாப்ளர்: அனுபவப் பகிர்வு

டாப்ளர்மேசை:
29 வாரம், ஒற்றைக் கரு, எடை 6-வது பெர்சென்டைல் (அதே வயதில் 100 கருவில் சுமார் 6 மட்டுமே இதைவிடச் சிறியது). டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ‘தொப்புள்கொடித் தமனியில் டயஸ்டோல் முடிவில் ஓட்டம் இல்லை’, அதாவது இதயம் தளரும் நேரத்தின் கடைசியில் ரத்தம் முன்னே போகவில்லை. முன்கூட்டியே பிறக்க நேரலாம் என்று, குழந்தையின் நுரையீரல் முதிர முதல் ஸ்டீராய்டு ஊசியும் போட்டாயிற்று. படத்தைத் திறந்தால் அடிக்கோட்டை ஒட்டி இரு பக்கமும் ஒரே அகலத்தில் கருப்புப் பட்டை. சிரையின் அலைகூடக் கோட்டைத் தொடவில்லை. வால் ஃபில்டர் (மெதுவான அசைவின் சிக்னலை வெட்டும் அமைப்பு) ஏறிக் கிடந்தது, ஒலிக்கற்றைக்கும் ரத்தக்குழாய்க்கும் இடையிலான கோணமோ 70 டிகிரி. கோணம் விரிந்தால் அதிர்வெண் மாற்றம் சுருங்கும், மெல்லிய ஓட்டத்தை ஃபில்டர் தின்றுவிடும். ஃபில்டரை 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கி, கோணத்தை 30-க்குள் கொண்டுவந்து, குழந்தையின் மூச்சசைவு நின்றதும் மிதக்கும் கொடியில் எடுத்தால் ஓட்டம் இருக்கிறது. பி.ஐ. (ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) மட்டும் கூடுதல். அந்தக் கருப்புப் பட்டை மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லாம்டா:
ஃபில்டர் விஷயம் சரி. “பி.ஐ. மட்டும்” என்று தாண்டிப் போனதுதான் உறுத்துகிறது. 32 வாரத்துக்கு முன்னால் எடை 10-வது பெர்சென்டைலுக்குக் கீழே, பி.ஐ. 95-வதுக்கு மேலே என்றால் அது வளர்ச்சிக் குறைவுதான், சின்ன உடல்வாகு இல்லை. எடை 3-க்குக் கீழே என்றால் டாப்ளரே தேவையில்லை, அது ஒன்றே போதும்.

எங்களிடம் வந்தது நேர் எதிர், நிஜமான மாற்றத்தை மெஷின் கோளாறு என்றார்கள். ஒரே நஞ்சை (நஞ்சுக்கொடி, பிளாசென்டா) பகிரும் இரட்டையர், 25 வாரம், 820 கிராமும் 590 கிராமும். (வித்தியாசத்தைப் பெரிய எடையால் வகுக்கணும், 28 சதவீதம். சின்னதால் வகுத்து 39 என்று எழுதியிருந்தார்கள்.) சின்னக் குழந்தைக்குக் காலையில் ஓட்டம் உண்டு, மாலையில் இல்லை, மறுநாள் உண்டு. மெஷின் கோளாறு என்று பேச்சு. கர்சரைக் கொடி நஞ்சில் சேரும் இடத்துக்கு நகர்த்தி ஸ்வீப்பை (திரையில் அலை ஓடும் வேகம்) மெதுவாக்கியதும், ஒரே திரையில் ஓட்டம் எழும்பி, தேய்ந்து, தலைகீழாகி, மறுபடி எழும்பியது. இரட்டையரில் ஒருவர் மட்டும் வளர்ச்சி குறையும் நிலையில் இது மூன்றாம் வகை, ஓட்டம் விட்டு விட்டு மறையும் வகை. நஞ்சின் மேல் இருவரின் தமனிகளும் பெரிய குழாயாக நேருக்கு நேர் இணைந்திருப்பதன் அடையாளம். முன்னறிவிப்பே இல்லாமல் சின்னதன் இதயம் நின்றுவிடலாம். நின்றால் பெரியதன் ரத்தம் அந்தப் பக்கம் வடியும், மூளைக்கு அடி.

ஸ்லைடுக்காரர்:
பிரசவத்துக்குப் பின் அதே மாதிரி ஒரு நஞ்சு, எங்கள் நோயியல் லேபுக்கு வாளி நிறைய ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) வந்தது. இரண்டு கொடி, இரண்டிலும் ஒற்றைக் கிளாம்ப் (கவ்வி). எது யாருடையது? முதல் குழந்தைக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று எத்தனை தடவை சொல்வது! ஃபார்மலின் பட்ட குழாயில் சாயம் ஏற்ற முடியாது, இணைப்புகள் தெரியாது. அப்படியே ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்து அனுப்பினால் போதும், ஃப்ரீசரில் வேண்டாம். ஒரு கொடி நஞ்சில் சேராமல் சவ்வில் சேர்ந்து, குழாய்கள் வெறும் சவ்வின் மேல் ஓடின. சின்னக் குழந்தையுடையது அதுதான் என்று ஊகிக்கலாம், ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

வளர்ச்சிவரைபடம்:
10 நாளில் ஸ்கேனில் மறுபடி கருவின் எடை பார்த்து ‘வளரவே இல்லை’ என்று ஒரு ரிப்போர்ட். கணிப்புப் பிழையே 10–15 சதவீதம். 2 வாரமாவது விடணும், 3 என்றால் நல்லது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். படுத்தே கிடந்தால் நஞ்சு தேறாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். புரத மாவும் வளர்ச்சியை மீட்காது. சில்டெனாஃபில் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) வேண்டவே வேண்டாம். நெதர்லாந்தில் நடந்த சோதனையை 2018-ல் பாதியில் நிறுத்தினார்கள், பிறந்த குழந்தைகளின் நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறியது. ஆஸ்பிரின் என்றால் 16 வாரத்துக்கு முன் தொடங்கணும், இரவில் 150 மி.கி. வளர்ச்சிக் குறை தெரிந்தபிறகு 28 வாரத்தில் எழுதிப் பயனில்லை. கரு வயதை 11–14 வார ஸ்கேனில் உறுதி செய்துவிடுங்கள். இரட்டையரில் பெரிய குழந்தையின் நீளத்தை வைத்துத்தான். சின்னதை வைத்தால் குறையே மறைந்துபோகும். ஒரே நஞ்சு என்றால் 16 வாரத்திலிருந்து 2 வாரத்துக்கொரு ஸ்கேன், தனித்தனி நஞ்சு என்றால் 4. டேப் வைத்து வயிற்றை அளப்பதெல்லாம் ஒற்றைக் கருவுக்கு.

லாம்டா:
அந்த 4 வாரம் குறை தெரியும் வரைக்கும்தான். தெரிந்தபின் தனித்தனி நஞ்சானாலும் 2. ஆஸ்பிரினும் எல்லோருக்கும் இல்லை, ரிஸ்க் பார்த்துத்தான்.

டாப்ளர்மேசை:
லாம்டா, பி.ஐ. 95-க்கு மேலேதான், ஒத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு டாப்ளர் என்று முடிவானது. இரண்டாவது ஸ்டீராய்டு ஊசி போடவில்லை.